கொரோனாக் காலத்துப் பிள்ளைப்பேறும் தோல் நிறமும்: "களைக்குது" என்றால் என்ன?

#1 வன்னிக்காரி (ஹரோ, லண்டன்)

வணக்கம். பதினொரு வருடமாக லண்டன் வைத்தியசாலைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். மூன்று வருடமாக மனதில் கிடக்கும் ஒன்றை இன்று எழுதுகிறேன். அந்தத் தாய் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தது அப்படியேதான்.

கொரோனாவுக்கு முன்பு நாங்கள் நேரே போவோம். தாய்க்குப் பக்கத்தில் கதிரையில் இருந்து, முகத்தைப் பார்த்துக் கதைப்போம். 2020 மார்ச்சோடு எல்லாம் தொலைபேசிக்கு மாறியது. ஏப்ரல் மாதம் ஒரு காலை, என் குசினி மேசையில் இருந்து ஓர் அழைப்பு எடுத்தேன். ஒரு பக்கம் மிட்வைஃப், அதாவது பேறுகாலத் தாதி, மறுபக்கம் முப்பத்துநாலு வாரக் கர்ப்பிணி. இரண்டாவது பிள்ளை. கணவருக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை.

அந்தத் தாய் சொன்னாள், "நேற்றையிலிருந்து சரியாக் களைக்குது அக்கா" என்று. நான் ஆங்கிலத்தில், மிகவும் சோர்வாக இருப்பதாகச் சொல்கிறார் என்றேன். இந்த மாதத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் என்றார் மிட்வைஃப். பிறகு அவரிடம் இருந்த கேள்விப் பட்டியலைப் பார்த்துக் கேட்டார்: உதடு நீலமாக இருக்கிறதா? அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கட உதடு எப்பவும் கறுப்புத்தானே, எனக்கு எப்பிடித் தெரியும்?" அதையும் மொழிபெயர்த்தேன். அப்படியென்றால் நீலம் இல்லை என்று எடுத்துக்கொண்டார். ஆறு நிமிடத்தில் அழைப்பு முடிந்தது.

தொலைபேசியை வைத்துவிட்டுக் கோப்பை கழுவும்போதுதான் அந்தக் குரல் திரும்பக் காதில் கேட்டது. "நேற்றையிலிருந்து", ஒரு மூச்சு. "சரியாக்", ஒரு மூச்சு. "களைக்குது அக்கா". எங்கள் ஊரில் ஓடி வந்து நிற்கிறவன் என்ன சொல்லுவான்? "பொறு, களைக்குது" என்பான். அது சோர்வு இல்லை, மூச்சு வாங்குவது. நான் வன்னியில் பிறந்து வளர்ந்தவள். அப்படி இருந்தும் அந்த நேரம் என் வாயில் வந்தது சோர்வு என்ற அர்த்தம்தான்.

மொழிபெயர்ப்பாளருக்குத் தாயின் இலக்கத்தைத் தரமாட்டார்கள். நிறுவனத்துக்கு எடுத்துச் சொன்னேன். முடிந்த அழைப்பைத் திறக்க வழியில்லை என்றார்கள். இரண்டு நாளில் அவளை அம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார்கள். அன்றிரவே சிசேரியன். பிறகு பதினொரு நாள் வென்டிலேட்டரில் இருந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் இன்று நலம். ஓகஸ்ட்டில் வேறோர் அழைப்பில் என் குரலைக் கேட்டவுடனே, "நீங்கள்தானே அக்கா அண்டைக்குக் கதைச்சது" என்றாள். கோபமாக அல்ல, தெரிந்த ஒருவரைக் கண்ட சந்தோசத்தோடு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் ஜூனில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மரியன் நைட் குழுவினர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 14 வரை கொவிட்டோடு பிரித்தானிய வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்ட கர்ப்பிணிகள் 427 பேர். அதில் 56 வீதம் கறுப்பின, ஆசிய, பிற சிறுபான்மை இனப் பெண்கள். வெள்ளையினப் பெண்களோடு பார்த்தால் கறுப்பினக் கர்ப்பிணிகள் அனுமதிக்கப்படும் வாய்ப்பு எட்டு மடங்கு, ஆசியர் நான்கு மடங்கு. நான் சொன்ன அந்தத் தாயும் அந்த ஏப்ரலில்தான் நோய்ப்பட்டாள்.

உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தால் எழுதுங்கள். யாரையும் திட்டுவதற்கு இல்லை. என்ன நடந்தது என்று தமிழில் ஓரிடத்தில் கிடக்கட்டும்.


#2 எண்கணக்கு (மில்டன் கீன்ஸ்)

வன்னிக்காரி அக்கா, படித்ததும் கஷ்டமாக இருந்தது. ஆனால் மாற்றுக் கருத்து ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுக்காதீர்கள்.

அதே ஆய்வை நானும் படித்தேன். அந்த 427 பேரில் 69 சதவீதம் பேருக்கு எடை அதிகம். 41 சதவீதம் பேர் 35 வயது அல்லது அதற்கு மேல். மூன்றில் ஒருவருக்கு ஏற்கெனவே வேறு நோய் இருந்தது. நம் ஆட்களுக்குச் சர்க்கரை அதிகம், வீட்டில் ஆள் அதிகம், வேலையோ கடை, டாக்சி, முதியோர் இல்லம் என்று ஆட்களோடு பழகும் வேலை. நோய் அதிகமாகப் பிடித்ததற்கு இது போதாதா? எல்லாவற்றையும் இனவெறி என்று சொன்னால், சரிசெய்யக்கூடிய காரணங்கள் மறைந்துவிடும் என்பது என் கவலை.


#3 பேறுகாலத்தாதி (லெஸ்டர்)

நான் இங்கே மிட்வைஃப், பதினாறு வருடம். எண்கணக்கு சொன்னதில் பாதி சரி. மீதிக்குப் பதில் அதே ஆய்வில் இருக்கிறது. வயது, எடை, முன்பே இருந்த நோய் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்த பிறகும் இன வித்தியாசம் போகவில்லை. லண்டன் போன்ற பெருநகரங்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தபோதும் போகவில்லை.

கொரோனா வரும் முன்பே நிலைமை இதுதான் என்பதை மறக்கக்கூடாது. நாட்டில் பேறுகால மரணம் ஒவ்வொன்றையும் எடுத்து ஆராய்ந்து வருடா வருடம் அறிக்கை தருகிறார்கள். 2019 இல் வந்த அறிக்கையில் கறுப்பினப் பெண்கள் பேறுகாலத்தில் இறக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஐந்து மடங்கு, ஆசியப் பெண்களுக்கு இரண்டு மடங்கு. 2018 முதல் 2020 வரையான கணக்கில் 3.7 மடங்கு, 1.8 மடங்கு. வைரஸ் புதிது. இந்த இடைவெளி புதிதல்ல.

இப்போது வன்னிக்காரி சொன்ன உதட்டுக்கு வருகிறேன். அதைப் படித்ததும் என் வயிறு கலங்கியது, ஏனென்றால் அந்தக் கேள்வியை நானும் போனில் கேட்டிருக்கிறேன். ஆக்சிஜன் குறைந்தால் வெள்ளைத் தோலில் உதடு நீலமாவது பளிச்சென்று தெரியும். நம் தோலில் நாக்கு, ஈறு, உதட்டின் உள்பக்கம், கீழ் இமையின் உள்பக்கம், உள்ளங்கை, நகக்கண் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். அங்கேயும் நீலமாக இல்லாமல் வெளிறி, சாம்பல் பூத்தாற்போல் இருக்கலாம். நான் படித்த காலத்துப் பாடப்புத்தகப் படங்களில் எல்லாம் வெள்ளைத் தோல்தான்.

கண்ணை நம்ப வேண்டாம், கருவி இருக்கிறதே என்பீர்கள். விரலில் கவ்வவிடும் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிறது. தோலின் கருமைப் பொருளும் ஒளியை உறிஞ்சும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் ஆக்சிமீட்டர் காட்டிய எண்ணையும், தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், உண்மையில் 88க்குக் கீழே போயிருந்தது கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீத அளவீடுகளில். வெள்ளையரில் 3.6 சதவீதம். கர்ப்பிணியை வீட்டிலிருக்கச் சொல்வதா, வரச் சொல்வதா என்று ஓர் எண்ணை வைத்து முடிவெடுத்த காலம் அது. கருவியிலேயே அந்தப் பிழை உட்கார்ந்திருந்தது.

பிறந்த குழந்தைக்கும் இதே கதை. ஒரு நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் குழந்தையின் நிலையைப் பார்த்து அப்கார் மதிப்பெண் போடுவோம். நிறத்துக்கு இரண்டு மதிப்பெண். உடம்பு முழுக்க இளஞ்சிவப்பாக இருந்தால் இரண்டும் உண்டு. நம் பிள்ளை எப்போது இளஞ்சிவப்பாகப் பிறந்தது? 2023 ஜூலையில்தான் இதை மாற்றி யோசிக்க வேண்டும் என்று இங்கே ஓர் அறிக்கை வந்திருக்கிறது.


#4 தென்காசிக்காரன் (ஸ்லவ்)

என் மனைவிக்கு 2020 செப்டம்பரில் பிரசவம். முதல் ஸ்கேனுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் கார் பார்க்கில் உட்கார்ந்திருந்தேன். வீடியோ கால் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே என்ன சொன்னார்கள் என்று அவளுக்குப் பாதிதான் புரிந்தது. "ஏதோ தண்ணி கொஞ்சம் கம்மின்னு சொன்னாங்க, ஆனா பரவாயில்லன்னாங்க" என்றாள். அந்த "ஏதோ"வை வைத்துக்கொண்டு மூன்று வாரம் தூங்கவில்லை.

நான் கேட்க வந்தது வேறு. 2018 இல் என் தங்கைக்குத் தென்காசிப் பக்கம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். இங்கே என் மனைவிக்கு அது இல்லை. கொரோனாவால் நிறுத்திவிட்டோம், வெறும் வயிற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும் என்றார்கள். ரிசல்ட் நார்மல். பிள்ளை 4.3 கிலோ. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. நான் அங்கேயேதான் நின்றேன், ஏனென்றால் பிரசவ வலி முற்றிய பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். யாரோ சுவரில் பட்டனை அடித்தார்கள், ஒரு நிமிடத்தில் எட்டுப் பேர் அறைக்குள் வந்தார்கள். பிள்ளை பிறந்ததும் அவனுக்குச் சர்க்கரை இறங்கி இரண்டு நாள் தனி வார்டு. சர்க்கரையை முன்பே கண்டுபிடித்திருந்தால்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#5 பேறுகாலத்தாதி (லெஸ்டர்)

தம்பி, உங்கள் வீட்டில் நடந்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது. பெரிய பிள்ளைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கேள்வி நியாயமானது.

குளுக்கோஸ் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கிளினிக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால், கூட்டத்தைக் குறைக்க 2020 இல் அந்தப் பரிசோதனைக்குப் பதிலாக மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் போதும் என்று மகப்பேறு மருத்துவர் கல்லூரி இடைக்கால வழிகாட்டல் தந்தது. தொற்றைத் தடுக்க என்று பார்த்தால் புரிகிறது. ஆனால் வெறும் வயிற்றில் சரியாக இருந்து, சாப்பிட்ட பிறகுதான் ஏறும் சர்க்கரை தெற்காசியப் பெண்களிடம் அதிகம். அந்தச் சர்க்கரை இந்தப் புதுப் பரிசோதனையில் மாட்டாது. எல்லாருக்கும் ஒரே மாற்றம்தான் செய்தார்கள், அதனால் யாரையும் ஒதுக்கியதாகத் தெரியாது. விழுந்தது மட்டும் நம் பெண்கள் மேல் அதிகமாக விழுந்தது.

உங்கள் தங்கைக்குக் கிடைத்தது தற்செயல் இல்லை. சென்னையில் டாக்டர் சேஷய்யா போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடிக் கொண்டுவந்த முறை அது. வெறும் வயிறு தேவையில்லை, 75 கிராம் குளுக்கோஸ், ஒரே ஒரு குத்து. கிராமத்துத் தாய் ஒருமுறை வந்தால் திரும்ப வருவாளோ மாட்டாளோ என்று யோசித்து அமைத்தது. யார் வருகிறாள் என்று பார்த்து அதற்கேற்பப் பரிசோதனையை அமைத்தால் அப்படி இருக்கும்.


#6 நல்லூரான் (டூட்டிங்)

எல்லாரும் வைத்தியசாலைக்குப் போனவர்களைப் பற்றிக் கதைக்கிறீர்கள். போகாதவர்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

என் மருமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்த நேரம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை இலவசம். நிராகரித்துவிட்டால் பெரும்பாலும் காசு. அதுவும் வழமையான கட்டணத்தின் ஒன்றரை மடங்கு. பிள்ளைப்பேற்றுக்கு வந்தவளைக் காசில்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது சட்டம். ஆனால் பில் பின்னால் வரும். 500 பவுண்டுக்கு மேல் இரண்டு மாதம் கட்டாமல் இருந்தால் உள்துறை அமைச்சுக்குத் தகவல் போகும். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று இங்கே விசா இல்லாமல் இருந்த ஆட்களுக்குத் தெரியும்.

கொவிட் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் யாரிடமும் காசு வாங்குவதில்லை என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. நல்ல விசயம். ஆனால் எட்டு மாத வயிற்றோடு காய்ச்சலுக்குப் போகிறவளுக்கு, எதுவரை கொவிட், எங்கிருந்து பிள்ளைப்பேறு என்று யார் கோடு கீறிக் காட்டுவது? அவள் போகவில்லை. வீட்டில் மல்லித் தண்ணீரும் பரசிட்டமோலும் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நாங்கள் கதவுக்கு வெளியே சாப்பாடு வைத்துவிட்டு யன்னலால் பார்த்தோம். கடவுள் காப்பாற்றினார். எல்லாரையும் காப்பாற்றவில்லை.


#7 ஜெர்சி மீனாட்சி (நியூ ஜெர்சி)

இந்த இழையை இரவு ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். நான் பிரசவ வார்டு நர்ஸ். அமெரிக்காவிலிருந்து கொஞ்சம் சொல்லலாமா?

இங்கே எண்கள் இன்னும் கொடுமை. 2019 இல் ஒரு லட்சம் பிறப்புக்குக் கறுப்பினத் தாய்மார் மரணம் 44. அது 2020 இல் 55.3 ஆனது, 2021 இல் 69.9. வெள்ளையினப் பெண்களுக்கு அதே மூன்று வருடங்களில் 17.9, 19.1, 26.6. எல்லாருக்கும் ஏறியது உண்மைதான். ஆனால் ஏறத் தொடங்கிய இடம் எது என்று பாருங்கள்.

2020 மார்ச்சில் நியூயார்க்கின் சில பெரிய மருத்துவமனைகள் பிரசவத்துக்குக் கூட ஒருவர்கூட வரக்கூடாது என்றன. சில நாட்களில், 28ஆம் தேதி, ஒருவரையாவது விட வேண்டும் என்று ஆளுநர் உத்தரவு போட்டார். ஒருவர் என்றால் கணவர் வருவார். கறுப்பினத் தாய்மார் பலர் தங்களுக்காகப் பேச என்று அமர்த்தியிருந்த டூலாக்கள் வெளியே நின்றார்கள். நம்மூரில் பிரசவத்துக்கு அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு ஆச்சி என்று யாராவது கூட நிற்பார்களே, அந்த இடத்தில் நிற்பவர்தான் டூலா. அவர் செய்வது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. "இவள் வலிக்கிறது என்று மூன்றாவது தடவை சொல்கிறாள்" என்று எண்ணிச் சொல்ல ஓர் ஆள், அவ்வளவுதான்.

எண்கணக்கு சார், நீங்கள் கணக்கில் நம்பிக்கை உள்ளவர், அதனால் ஒரு கணக்கு சொல்கிறேன். முதல் பிரசவம் சிசேரியன் என்றால், அடுத்தது சுகப்பிரசவமாக எவ்வளவு வாய்ப்பு என்று சொல்ல இங்கே ஒரு கால்குலேட்டர் உண்டு. வயது, எடை, எல்லாம் கேட்கும். பிறகு கறுப்பினமா, ஹிஸ்பானிக்கா (லத்தீன் அமெரிக்க வழிவந்தவரா) என்று கேட்கும். ஆம் என்றால் வாய்ப்பைக் குறைத்துவிடும். மற்ற எல்லா விவரமும் ஒன்றாக இருக்கும் இரண்டு பெண்களுக்கு, இனத்தை வைத்து இரண்டு விடை. வருடக்கணக்காக அதைப் பார்த்து டாக்டர்கள் பேசினார்கள். 2021 இல்தான் அந்தக் கேள்வியை எடுத்தார்கள். கோவிட் உச்சத்தில், தேவையில்லாமல் யாரும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போகக்கூடாது என்று நாங்கள் தவித்த காலத்திலும் அது எங்கள் கணினியில் இருந்தது.


#8 எண்கணக்கு (மில்டன் கீன்ஸ்)

மீனாட்சி மேடம், இது எனக்குத் தெரியாது. நேற்றிரவு உட்கார்ந்து தேடிப் படித்தேன். லெஸ்டர் அக்கா சொன்னதையும் மறுபடி பார்த்தேன். எடையும் நோயும் மட்டுமே காரணம் என்ற என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் இன்னொன்று உறுத்துகிறது. வன்னிக்காரி அக்காவின் கதை மொழியைப் பற்றியது. தென்காசி அண்ணனின் கதையிலும் மொழி இருக்கிறது. ஆனால் லண்டனில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணுக்கு ஆங்கிலம் தாய்மொழி. அவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம், விசா பிரச்சினை இல்லை. அப்படியிருந்தும் அவருக்குத்தான் நம்மைவிட ஆபத்து அதிகம், நமக்கு இரண்டு மடங்கு என்றால் அவருக்கு நான்கு, ஐந்து. அப்போது மொழியைச் சரிசெய்தால் மட்டும் என்ன ஆகும்?


#9 வன்னிக்காரி (ஹரோ, லண்டன்)

தம்பி, நீங்கள் கேட்டது இந்த இழையிலேயே பெரிய கேள்வி. நான் இரண்டு நாளாக யோசித்தேன்.

என்னோடு வேலை செய்த ஒரு மிட்வைஃப், பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள், அவர் இங்கே லண்டன் பெக்கமில் பிறந்தவர். 2020 இல் தன் பிள்ளைப்பேற்றுக்குப் போனார். தான் மிட்வைஃப் என்று முதலில் சொல்லவில்லை. வலிக்கிறது என்றபோது, சத்தம் போடாதீர்கள் என்றார்களாம். அமைதியாகச் சொன்னபோது, இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்களே, இன்னும் நேரம் இருக்கிறது என்றார்களாம். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல் கடைசியில் வைத்தியச் சொற்களில் சொன்னாராம், அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்கள். அவருடைய ஆங்கிலம் என்னுடையதைப் போல் உடைந்த ஆங்கிலம் இல்லை.

அதனால் நான் இப்போது இப்படி நினைக்கிறேன். கேட்கிறவருக்கு எங்களைப் பற்றி ஏற்கெனவே ஓர் எண்ணம் இருக்கிறது. கறுப்பினப் பெண்ணா, அவளுக்கு வலி தாங்கும். ஆசியப் பெண்ணா, சின்ன வலிக்கும் அழுவாள். இந்தப் பேச்சை நான் வார்டில் என் காதால் கேட்டிருக்கிறேன். மொழி தெரியாவிட்டால் அந்த எண்ணத்தை உடைக்கிற வழியும் அடைபட்டுப் போகிறது. கொரோனா செய்தது என்னவென்றால் மீதி வழிகளையும் அடைத்தது. கணவர் வெளியே, மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில், வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி இல்லை, முகத்தில் மாஸ்க். கேட்கிறவரின் மனதில் இருந்த எண்ணம் மட்டும்தான் மிச்சம் நின்றது.


#10 ஜெர்சி மீனாட்சி (நியூ ஜெர்சி)

"வலி தாங்கும்" என்பது வெறும் வார்டுப் பேச்சு இல்லை. 2016 இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டார்கள். சுமார் பாதிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது உண்மை என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். அவர்கள் இப்போது எங்கள் வார்டுகளில் டாக்டர்கள்.


#11 பேறுகாலத்தாதி (லெஸ்டர்)

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2020 ஜூனில் இங்கிலாந்தின் அப்போதைய தலைமை மிட்வைஃப் ஜாக்குலின் டங்க்லி-பென்ட் எல்லாப் பிரசவப் பிரிவுகளுக்கும் எழுதினார். அவரும் கறுப்பினப் பெண்தான். கறுப்பின, ஆசியக் கர்ப்பிணி கூப்பிட்டால் நேரில் பார்க்கவும் அனுமதிக்கவும் தயங்காதீர்கள், அவர்களுக்குப் புரியும்படி தகவல் கொண்டுபோங்கள், வைட்டமின் டி பற்றிப் பேசுங்கள், இனத்தையும் முகவரிப் பகுதியையும் பதிந்து வையுங்கள் என்று நான்கு விஷயம். அந்தக் கடிதத்தை நான் நோட்டீஸ் போர்டில் குத்தினேன். நல்ல கடிதம். முதல் அலை அடங்கிய பிறகு வந்தது.

அதேபோல் கறுப்பினத் தாய்மார் இருவர் தொடங்கிய ஃபைவ் எக்ஸ் மோர் (ஐந்து மடங்கு அதிகம்) இயக்கம், கறுப்பினத் தாய்மார் மரணத்தைக் குறைக்கக் கேட்டு எழுதிய மனுவில் 1,87,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். 2021 ஏப்ரலில் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. நம் தமிழ்ச் சங்கங்களிலிருந்து எத்தனை பேர் கையெழுத்துப் போட்டோம் என்று என் மனதில் அடிக்கடி ஓடும்.

ஆனால் தீர்வு என்று சொல்லித் தவறாகப் போவதும் உண்டு. 2021 இல் ஒரு வரைவு வழிகாட்டல் வந்தது. கறுப்பின, ஆசியப் பெண்களுக்கு வேறு பிரச்சினை ஒன்றும் இல்லாவிட்டாலும் 39 வாரத்திலேயே மருந்து கொடுத்துப் பிரசவத்தைத் தூண்டலாம் என்று. அதாவது அவர்களைக் கேட்பதில் இருக்கும் குறையை விட்டுவிட்டு, அவர்களின் உடம்பே கோளாறு என்று வைப்பது. மிட்வைஃப்களும் தாய்மாரும் கொதித்தோம். இறுதி வடிவத்தில் எடுத்துவிட்டார்கள்.

எது உதவும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆரம்பம் முதல் பிரசவம் தாண்டியும் ஒரே மிட்வைஃப், அல்லது ஒரே சிறு குழு பார்ப்பது. முகம் தெரிந்தால் குரல் மாறுவதும் தெரியும். 2024க்குள் சிறுபான்மை இனப் பெண்களில் 75 சதவீதம் பேருக்கு அப்படி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். கொரோனாவில் ஆள் இல்லை என்று பல இடங்களில் அந்தக் குழுக்களைக் கலைத்துப் பொது வார்டுக்கு இழுத்தார்கள். என்னையும் இழுத்தார்கள். 2022 செப்டம்பரில் அந்தக் காலக்கெடுவே கைவிடப்பட்டது.


#12 தென்காசிக்காரன் (ஸ்லவ்)

தடுப்பூசியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2020 டிசம்பரில் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்றார்கள். 2021 ஏப்ரலில் போடலாம் என்றார்கள். நடுவில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வராத வதந்தி இல்லை. என் மச்சினி அப்போது ஐந்து மாதம். கிளினிக்கிலேயே ஒருவர், யோசித்துப் போடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆகஸ்டில் பிள்ளை பெற்றவர்களில் 22 சதவீதம் பேர்தான் ஓர் ஊசியாவது போட்டிருந்தார்கள், கறுப்பினப் பெண்களில் அதைவிடக் குறைவு. படிக்காதவர்கள், மூடநம்பிக்கை என்று எழுதினார்கள். வலிக்கிறது என்றபோது நம்பாதவர்கள், ஊசி போடு என்றால் மட்டும் உடனே எப்படி நம்புவது?


#13 தாரணி (குரோய்டன்)

வணக்கம், நான் புதிது. எனக்கு இப்போது 28 வாரம், முதல் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். இதையெல்லாம் வாசித்துப் பயமாக இருக்கிறது, ஆனாலும் கடைசிவரை வாசித்தேன். தொலைபேசியில் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? மொழிபெயர்ப்பாளர் கேட்டால் கோபிப்பார்களா?


#14 பேறுகாலத்தாதி (லெஸ்டர்)

தங்கச்சி, கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் கேளுங்கள். அது உங்கள் உரிமை, இலவசம், கணவர் மொழிபெயர்க்கத் தேவையில்லை. "தமிழ்" என்ற ஒரு சொல்லும் உங்கள் பிறந்த தேதியும் சொன்னால் போதும்.

சொல்லும்போது "ஏலாமல் இருக்கு" என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம். எதைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள். ஒரு வசனம் முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. மாடிப்படி நாலு ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது. நேற்று ஏறினேன், இன்று முடியவில்லை. பிள்ளை அசைவது நேற்றைவிடக் குறைவு. பார்வை மங்குகிறது, தலைவலி மாத்திரைக்குப் போகவில்லை. இவற்றில் எது இருந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். வீட்டில் இருங்கள் என்று சொன்னால், நான் நேரில் வந்து பார்க்கக் கேட்டேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள் என்பதை என் குறிப்பில் எழுதுங்கள் என்று சொல்லுங்கள். இதை நான் ஒரு மிட்வைஃபாகச் சொல்கிறேன்.


#15 சிந்தாதிரிப்பேட்டை (பர்மிங்ஹாம்)

இதுவரை எழுதாமல் படித்துக்கொண்டிருந்தேன். நானும் மொழிபெயர்ப்பாளர்தான், ஐந்து வருடம், பெரும்பாலும் போனில். சென்னையில் வளர்ந்தவள். வன்னிக்காரி அக்கா எழுதிய முதல் பதிவைப் படித்துவிட்டு மூன்று நாளாக ஒரே யோசனை. எனக்குக் களைப்பு என்றால் சோர்வு. வேறு அர்த்தம் உண்டு என்றே தெரியாது. எனக்கு வரும் அழைப்புகளில் முக்கால்வாசி இலங்கைத் தமிழ்ப் பெண்கள். எத்தனை பேர் "களைக்குது" என்று சொன்னார்கள், நான் எத்தனை பேருக்கு "டயர்ட்" என்று சொன்னேன் என்று கணக்கு எடுக்கவே முடியாது. வேறு எந்தச் சொல்லெல்லாம் இப்படி இருக்கிறது அக்கா? தயவுசெய்து எழுதுங்கள்.


#16 வன்னிக்காரி (ஹரோ, லண்டன்)

தங்கச்சி, ஊரில் பிறந்த எனக்கே அன்று தவறியது. நீங்கள் உங்களை நோகாதீர்கள்.

களைக்குது, இளைக்குது இரண்டும் மூச்சு வாங்குவதாகவும் இருக்கலாம். "ஓடி வந்தாற்போல இருக்குதோ, நித்திரை வருகிறாற்போல இருக்குதோ?" என்று திருப்பிக் கேளுங்கள். முட்டு என்றால் இழுப்பு, ஆஸ்துமா. "எனக்கு முட்டு இருக்கு" என்றால் பழைய நோயைச் சொல்கிறாள், கட்டாயம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். தலையிடி உங்களுக்குத் தெரிந்திருக்கும், தலைவலி. பன்னீர்க்குடம் என்பது நீங்கள் சொல்லும் பனிக்குடம். அந்தரமாக் கிடக்கு என்றால் கவலை மட்டும் இல்லை, உடம்புக்குள் ஏதோ சரியில்லை என்று பதறுவதையும் அப்படித்தான் சொல்லுவோம். விட்டுவிடாதீர்கள், என்ன அந்தரம் என்று கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. நோ. எங்களுக்கு நோ என்றால் வலி. அடிவயிற்றில் வலியா என்று மிட்வைஃப் கேட்கிறார். நீங்கள் மொழிபெயர்க்க வாய் திறக்கும் முன்பே தாய் "நோ, நோ" என்கிறாள். அவர் இல்லை என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இது நான் இருந்த அழைப்பிலேயே நடந்தது. அதைப் பிடித்து நிறுத்தினேன். அதற்கு முன்பு நிறுத்தாமல் போனவை எத்தனை என்று தெரியாது.


#17 சிந்தாதிரிப்பேட்டை (பர்மிங்ஹாம்)

எழுதி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன் அக்கா. இன்று மதியம் இரண்டு அழைப்பு இருக்கிறது, இரண்டுமே பிரசவப் பிரிவு.